கேட்காமல் போட்ட சீனி

ஆனந்தராஜா யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். கடன் கேட்கமாட்டார், கைமாற்றுக் கேட்கமாட்டார் என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த வகை அல்ல. இவர் வழிகூடக் கேட்கமாட்டார். டென்மார்க்கில் கோல்டிங் நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பஸ்ஸை நிறுத்த எந்தப் பொத்தானை அமத்தவேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசித் தரிப்பு வரைக்கும் பேசாமல் போய், அங்கிருந்து பனிக்குள்ளால் திரும்பி நடந்து வந்த மனிதர். காது இரண்டும் சிவந்துபோய் வந்து நின்றவரைப் பார்த்து, கூட இருந்தவர்கள் என்ன நடந்தது என்று விசாரித்தபோது, "சும்மா, நடந்து பாப்பம் எண்டு வந்தனான்" என்றாராம்.

அவர் வேலை செய்த ஜன்னல் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது இன்னும் மோசம். முதல் நாள் தட்டில் இருந்த இறைச்சி மாடா பன்றியா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் சமையல்காரியின் மனம் நோகுமே என்று உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. சமையல்காரி நல்ல மனுசி. பாவம், இந்த ஆள் சைவம் போலிருக்கிறது என்று இவருக்கென்று தனியாக மரக்கறி அவித்து வைக்கத் தொடங்கினாள். ஆட்டிறைச்சிக் கறி என்றால் உயிரை விடுகிற ஆனந்தராஜா, அவள் ஓய்வுபெற்றுப் போகும்வரைக்கும் வருடக்கணக்காக அவித்த கரட்டும் முட்டைக்கோவாவும் சாப்பிட்டார். பிரியாவிடை அன்று அவள் இவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். இவருக்கும் அழுகை வந்தது. எதை நினைத்து வந்தது என்று அவர்தான் சொல்லவேண்டும்.

கேள்வி என்பது அடுத்தவருக்கு நாம் கொடுக்கும் வேலை என்பது அவருடைய எண்ணம். தானும் தன் பாடுமாக இருக்கிற ஒரு மனிதரை நிறுத்தி, யோசிக்க வைத்து, பதில் சொல்ல வைப்பது என்ன மரியாதை? அவர் வாயிலிருந்து வருகிற ஒரே கேள்வி "சாப்பிட்டியளோ?" என்பதுதான். அதற்கும் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். கேட்டுக்கொண்டே சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைத்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த மனைவி சரோஜினிதேவி. முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இருக்கிற கிழவிகளின் பேரப்பிள்ளைகளுடைய காதல் விவகாரம் வரைக்கும் அவவுக்கு அத்துப்படி. கடையில் மீன் எப்போது வந்தது, யார் பிடித்தது, நேற்றையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டுத்தான் வாங்குவா. வீட்டுக்குத் தேவையான கேள்விகளை எல்லாம் அவவே கேட்டுவிடுவதால் ஆனந்தராஜாவின் வண்டி இத்தனை வருடமும் சேதமில்லாமல் ஓடியது.

அவர்களுக்கு ஒரே மகன், ஆரணன். ஓகூஸ் நகரத்தில் பொறியியலாளர். அவனுடைய காரில் பொன்னிறத் தலைமயிர் ஒட்டிக்கொண்டிருப்பதை ஆனந்தராஜா எப்போதோ கண்டுவிட்டார். கண்டவர் அதை மெதுவாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு மகனே ஒரு நாள் சிக்னெ என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். சரோஜினிதேவி அந்தப் பிள்ளையிடம் ஒரு மணித்தியாலம் விசாரணை நடத்தினா. ஆனந்தராஜா, "சாப்பிட்டியளோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, கோப்பை எடுக்கக் குசினிக்குள் போனார். அவருக்கு அந்தப் பிள்ளையை அப்போதே பிடித்துவிட்டது.

சிக்னெயின் தகப்பன் பென்ட், விபோர்க் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் இருந்தார். மாடுகளை விற்றுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். மனைவி கிர்ஸ்டன் சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனா. பென்ட் அதிகம் பேசாதவர். ஆமாம் என்பதைக்கூட மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்லுவார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது, மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, தட்டை நீட்டினார்கள். எல்லோரும் ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போடுவதைக் கவனித்து, அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கோவிலுக்குள் போகிறவர் போலத் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். உட்கார்ந்ததும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி வந்தது. அதையும் மறுக்காமல் குடித்தார்.

அந்த மரியாதை ஆனந்தராஜாவின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. இந்த மனிதரோடு எப்படியாவது நெருங்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் கேள்வி கேட்காத ஒருவரும் பேசாத ஒருவரும் எப்படி நெருங்குவது? இரண்டு வருடத்தில் நாலைந்து தரம் சந்தித்திருப்பார்கள். காலநிலையைப் பற்றி இருவரும் ஒரே கருத்து உடையவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவரவில்லை. சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆனந்தராஜாவுக்கு வாய் வரவில்லை. எதிரே போய் நின்று, அவர் பார்க்கும்வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்.

இந்த நிலைமையில்தான் சிக்னெ ஒரு செய்தி கொண்டுவந்தாள். கல்யாண இரவு விருந்துக்கு அப்பா வீட்டிலேயே பியர் காய்ச்சப்போகிறார், தனியாகச் செய்ய ஏலாது, கூட ஒரு கை வேண்டும் என்றாள்.

நத்தார் பண்டிகைக்கு ஒரு சின்னக் கிளாஸ் பிராண்டி குடிப்பதோடு சரியான ஆனந்தராஜா, யோசிக்காமல், "ஓம், நான் போறன்" என்றார்.

"உங்களுக்குப் பியரைப் பற்றி என்ன தெரியும்?" என்றா சரோஜினிதேவி.

"ஒண்டும் தெரியாது. அவருக்குத் தெரியுந்தானே."

அப்படிச் சொன்னாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. யூடியூப்பில் தேடிப் பார்த்தார். காய்ச்சிப் புளிக்கவைத்த பியரில் நுரை இருக்காது, அது செத்த தண்ணீர் மாதிரித்தான் கிடக்கும், போத்தலில் ஊற்றும்போது கொஞ்சம் சீனி சேர்த்து இறுக்கி மூடவேண்டும், மிச்சம் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காஸ் விடும், காஸ் வெளியே போக வழியில்லாமல் பியருக்குள்ளேயே கரைந்துபோகும், திறக்கும்போது அதுதான் நுரையாக எழும்பும் என்று ஒரு தாடிக்காரர் அழகாக விளங்கப்படுத்தினார். சீனி கூடினால் என்ன ஆகும் என்பதையும் அவர் பின்பாதியில் சொல்லியிருப்பார். சரோஜினிதேவி சாப்பிடக் கூப்பிட்டதால் ஆனந்தராஜா முன்பாதியோடு எழும்பிவிட்டார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் பண்ணையில் பியர் காய்ச்சினார்கள். அது பெரிய வாளிக்குள் புளித்து அடங்கிய பிறகு, இன்னொரு சனிக்கிழமை ஆனந்தராஜா போத்தலில் அடைக்கப் போனார். குசினிக்குள் நுழைந்ததும் அவருடைய கண் வழமைபோல ஜன்னலோரக் கதிரைக்குப் போயிற்று. அதன் முதுகில் ஒரு நீல நிறக் கம்பளிச் சட்டை தொங்கியது. பெண்கள் போடுகிறது. ஒவ்வொரு முறையும் அது அங்கேதான் இருந்தது. அந்தக் கதிரையில் பென்ட் இருந்ததை அவர் கண்டதில்லை. அதைப் பற்றிக் கேட்கவேண்டும் போலிருந்தது. ஆனால் பொறுத்துக்கொண்டார். ஒருவருடைய துக்கத்தைக் கிண்டிப் பார்க்க நாங்கள் யார்?

வேலை தொடங்கியது. ஆனந்தராஜா வெளியே தண்ணீர்க் குழாயடியில் போத்தல்களைக் கழுவினார். விரல் மரத்துப் போகும்வரைக்கும் கழுவி, பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுவந்தபோது, பென்ட் பியரை வேறொரு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயைக் கையில் பிடித்தபடி தயாராக நின்றார். ஆனந்தராஜா சுற்றிப் பார்த்தார். சீனிப் பை சுவர்த்தட்டில் இருந்தது. அதன் வாயில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் மாட்டியிருந்தது. சீனியைப் பற்றிப் பென்ட் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மனிதர் மறந்துவிட்டாரோ? சீனி போடாவிட்டால் பியர் செத்த தண்ணீராகவே இருக்கும். கல்யாணத்தன்று இருநூறு பேருக்கு முன்னால் பெண்ணின் தகப்பன் காய்ச்சிய பியர் நுரைக்காமல் கிடந்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? "நீ சீனி போட்டாயா?" என்று கேட்டால் முடிந்தது. டேனிஷ் பாஷையில் நாலு சொல். ஆனால் சம்பந்தியைப் பார்த்து, அவருடைய வீட்டிலேயே நின்றுகொண்டு, உனக்கு உன்னுடைய வேலை தெரியுமா என்று கேட்கிற மாதிரி அல்லவா அது? ஆனந்தராஜா அதைச் செய்வாரா? செய்யமாட்டார். எனக்கு இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருக்கும். என்ன செய்வது, அந்த மனிதர் அப்படித்தான்.

அவர் கிளிப்பைக் கழற்றினார். ஒரு தேக்கரண்டி எடுத்தார். கடதாசியைச் சுருட்டிப் புனலாக்கி, ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒவ்வொரு கரண்டி சீனி போட்டுப் பென்ட்டின் பக்கமாக நகர்த்தினார். பென்ட் நிமிர்ந்து பார்த்தார். போத்தலைப் பார்த்தார், ஆனந்தராஜாவைப் பார்த்தார், திரும்பவும் போத்தலைப் பார்த்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஆமாம் என்றுவிட்டு, குழாயை உள்ளே விட்டார்.

தன் மானத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார் என்று ஆனந்தராஜா நினைத்துக்கொண்டார். மனம் குளிர்ந்துபோயிற்று. ஒருவர் நிரப்ப, ஒருவர் எடுத்துக்கொடுக்க, பென்ட் மூடி அடிக்கிற கருவியின் கைப்பிடியை இழுத்து இழுத்து மூட, பின்நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இருவரும் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டார்கள். தன்னுடைய வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சனிக்கிழமை வந்ததில்லை என்று அவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

கார் கொள்ளுகிற அளவுக்குப் பாதிப் போத்தல்களை அவர் கொண்டுவந்தார். மண்டபம் கோல்டிங்கில்தான். மற்றப் பாதி பண்ணையில், பென்ட்டின் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நுரை பிடிக்கும்வரைக்கும் போத்தல்கள் சூடான இடத்தில் இருக்கவேண்டும். ஆனந்தராஜாவின் வீட்டில் எப்போதும் சூடாக இருக்கிற இடம், உடுப்புத் தோய்க்கிற மெஷினும் வீட்டைச் சூடாக்குகிற பெட்டியும் இருக்கிற பின்பக்க அறை. அங்கேதான் சுவரில் அடித்திருந்த சரோஜினிதேவியின் சாமித்தட்டும் இருந்தது.

"பிள்ளையாருக்குப் பக்கத்திலை பியரோ? உங்களுக்கென்ன விசரே?"

"ரண்டு மூண்டு கிழமைக்குத்தான். பிறகு எடுத்துப்போடுவன்."

"நீங்கள் எடுக்க வேண்டாம். நான் எடுக்கிறன்." அவ எடுத்தது பியரை அல்ல. பிள்ளையார், முருகன், லட்சுமி எல்லோரையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், வரவேற்பறைப் புத்தக அலுமாரியில் குடியேற்றினா. "உந்தச் சாமானெல்லாம் சாமிக்குக் கிட்ட வரப்படாது, சொல்லிப்போட்டன்" என்று அறிவித்தல் வேறு.

அடுத்த கிழமை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை. சரோஜினிதேவி உடுப்புக் கூடையோடு பின்பக்க அறைக்குப் போகும் வழியில், அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினா. அந்த நேரம் பார்த்து உள்ளே படீரென்று ஒரு வெடி. அதைத் தொடர்ந்து இன்னொன்று. ஆனந்தராஜா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கூரையிலிருந்து பியர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டுகள் நிலமெல்லாம் கிடந்தன. வெறுமையாக இருந்த சாமித்தட்டுக்கு மேலே, சுவரில், ஒரு துண்டு குத்திக்கொண்டு நின்றது. பால் பொங்காமல் இருந்திருந்தால் இவள் உள்ளே நின்றிருப்பாள்.

சரோஜினிதேவி முதலில் சுவரைப் பார்த்தா. "பிள்ளையார் வெள்ளனவே எழும்பிப் போனது எவ்வளவு நல்லது" என்றா. அதன் பிறகு விசாரணை தொடங்கியது.

"எவ்வளவு சீனி போட்டனீங்கள்?"

"போத்தலுக்கு ஒரு கரண்டி."

"அவரும் போட்டவரோ?"

"தெரியாது."

"கேக்கேல்லையோ?"

ஆனந்தராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் வெளியே போத்தல் கழுவிக்கொண்டிருந்தபோது, சம்பந்தி சீனியைக் கரைத்து வாளிக்குள் ஊற்றியிருப்பார். ஊற்றிவிட்டுப் பையைக் கிளிப் போட்டு மூடி வைத்திருப்பார். ஒழுங்கான மனிதர்.

"ஐயோ, என்ரை ஆண்டவனே! மற்றப் பாதி அந்த மனுசன்ரை அடுப்படியிலை எல்லோ கிடக்கு!" என்று கத்தினா சரோஜினிதேவி.

ஆனந்தராஜா ஃபோனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். அப்போதும் எடுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போத்தல்கள், அதற்கு எதிரே மேசை, மேசையில் தனியாக இருந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிற ஒரு மனிதர். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்ததும் அவருடைய கை தானாகக் கார்ச் சாவியை எடுத்தது.

"பிள்ளையளிட்டைச் சொல்லுவமோ?" என்றா மனைவி.

"வேண்டாம். நான் செய்தது, நான் போறன்."

போகுமுன் தடித்த போர்வையைப் போத்தல்களின் மேல் எறிந்து, பின்கதவை அகலத் திறந்துவிட்டார். குளிர் உள்ளே வந்தால் ஈஸ்ட் அடங்கும் என்று அவருடைய மனம் சொல்லியது. அது சரியாகவே இருந்தது.

விபோர்க் வரைக்கும் வாயால் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினார். சீனி நான் போட்டேன். கேட்காமல் போட்டேன். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வசனத்துக்கு வரும்போதெல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். சம்பந்தியை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப்போகிறோம். இனி அந்த மனிதர் இந்த வீட்டு வாசலை மிதிப்பாரா? மிதிக்காவிட்டால் மிதிக்காமல் போகட்டும், ஆள் முழுதாக இருந்தால் போதும் என்று தெரியாத தெய்வங்களையும் கும்பிட்டார்.

பண்ணை முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, "பென்ட்! பென்ட்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

குசினிக் கதவு திறந்தது. பென்ட் வெளியே வந்தார். தலையில் மரம் அரியும்போது போடுகிற தலைக்கவசம், முகத்துக்கு முன்னால் கம்பிவலை, காதை மூடிய காப்பு, முழங்கை வரைக்கும் தோல் கையுறை. கையில் ஒரு பியர்ப் பெட்டி. அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். ஆனந்தராஜாவைக் கண்டதும் அப்படியே நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வெடித்ததா?" என்றார் ஆனந்தராஜா. இவர்கள் கதைத்தது டேனிஷில். நாங்கள் தமிழில் கேட்போம்.

பென்ட் காதுக் காப்பைத் தள்ளிக்கொண்டு, "மூன்று" என்றார். "அங்கே?"

"இரண்டு. சீனி நான் போட்டேன்."

"தெரியும். பார்த்தேன்."

"நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்." ஒத்திகை பார்த்த வசனம் வெளியே வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

"நான் மறக்கவில்லை. வாளிக்குள் ஊற்றிவிட்டேன்."

"என்றால், நான் போடும்போது ஏன் சொல்லவில்லை?"

பென்ட் பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். கம்பிவலைக்குப் பின்னால் அவருடைய முகம் சிவந்திருந்தது. "சடங்கு என்று நினைத்தேன்" என்றார். "அன்றைக்கு வாசலில் தட்டில் வைத்துச் சீனிக்கட்டி கொடுத்தீர்களே. எல்லோரும் எடுத்து வாயில் போட்டீர்களே. கல்யாணத்துக்கு நீங்கள் எல்லாவற்றிலும் சீனி போடுவீர்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதில் நான் என்ன சொல்ல முடியும்?"

"வெடித்த பிறகாவது ஃபோன் பண்ணியிருக்கலாமே?" என்றார் ஆனந்தராஜா.

"உங்களுடைய ஆசீர்வாதம் வெடிக்கிறது என்று எப்படிச் சொல்வது?"

முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவருக்குமே ஞாபகமில்லை. முற்றத்துக் கொட்டிலின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பென்ட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"ஆனாலும் இத்தனை வருடம் பியர் காய்ச்சுகிற உனக்கு, இவ்வளவு சீனி ஆபத்து என்று தெரிந்திருக்குமே?" என்று ஆனந்தராஜா கேட்டார். ஒரே நாளில் எத்தனை கேள்வி! உள்ளே எங்கேயோ அடைத்துக் கிடந்த மூடி கழன்றுவிட்டது போலிருந்தது அவருக்கு.

பென்ட்டின் சிரிப்பு அடங்கியது. "நான் காய்ச்சியதே இல்லை" என்றார். "கிர்ஸ்டன்தான் காய்ச்சுவாள். நான் பக்கத்தில் நின்று மூடி அடிப்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் போடுகிற சீனியின் அளவே எனக்குச் சரியாக நினைவில்லை. பிள்ளையின் கல்யாணத்தில் அவளுடைய பியர் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சடங்கு என்றாலும் உனக்கு அளவு தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன்."

எனக்குத் தெரியும் என்று அவரும், அவருக்குத் தெரியும் என்று நானும் இருந்திருக்கிறோம் என்று ஆனந்தராஜா நினைத்தார். அந்தப் பெரிய வீட்டில் இந்த மனிதர் தனியாக நின்று, மனைவி எப்படிக் காய்ச்சினாள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறார். நான் அவரை ஒரு பெரிய நிபுணர் என்று எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இப்போது என்ன செய்யலாம்?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

போத்தல்களைக் கொட்டிலின் குளிரில் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் துவாயால் சுற்றிப் பிடித்து, ஆனந்தராஜா மூடியை ஒரு பக்கத்தால் மெல்ல நெம்புவார். சீ என்று காஸ் வெளியேறும். நுரை கழுத்து வரைக்கும் ஏறி, மெதுவாக இறங்கும். இறங்கியதும் பென்ட் புது மூடி போட்டுக் கைப்பிடியை இழுப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. நெம்புகிறவருக்குத்தான் ஆபத்து என்று பென்ட் அதை ஆனந்தராஜாவின் தலையில் மாட்டிவிட்டார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. ஒரு போத்தல் மட்டும் சொல்வழி கேட்காமல் பென்ட்டின் சட்டையை நனைத்தது. மற்றதெல்லாம் பணிந்துபோயிற்று.

வேலை முடிந்து குசினிக்குள் வந்தார்கள். பென்ட் பாணும் சீஸும் எடுத்து வைத்துக் கோப்பி ஊற்றினார். ஆனந்தராஜா ஜன்னலோரக் கதிரையைப் பார்த்தார். நீலக் கம்பளிச் சட்டை அங்கே தொங்கியது. இத்தனை நாளும் தொண்டைக்குள் நின்ற கேள்வி, இப்போது வெளியே வந்தது.

"கிர்ஸ்டன் எப்படிப்பட்டவள்?"

பென்ட் கோப்பியைக் கிளறிக்கொண்டிருந்தார். அதில் கிளறுவதற்குச் சீனியும் இல்லை, பாலும் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு, "செத்தவீட்டுக்குப் பிறகு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை" என்றார். "எனக்கு நோகும் என்று நினைக்கிறார்கள்."

பிறகு பேசத் தொடங்கினார். மூச்சை உள்ளே இழுத்து ஆமாம் சொல்கிற அந்த மனிதர், வெளியே வெளிச்சம் குறையும்வரைக்கும் பேசினார். அவள் மாட்டுக்குப் பாட்டுப் பாடுவதை, ட்ராக்டரைப் பள்ளத்துக்குள் விட்டதை, நெருப்பில்லாமல் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு பியர் காய்ச்சுவதை, முதல் போத்தலை எப்போதும் தானே குடித்துப் பார்ப்பதை. சில இடத்தில் குரல் உடைந்தது. ஆனந்தராஜா எழும்பிப் போகவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. "பிறகு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது இன்னும் ஒன்று கேட்டார். "எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இல்லாமல் போனவர்களின் படத்தை வாசலில் வைப்போம். கிர்ஸ்டனின் படம் ஒன்று தருவாயா?"

அடுத்த நாள் பென்ட் கோல்டிங்குக்கு வந்தார், மூடி அடிக்கிற கருவியோடும் படத்தோடும். மிச்சப் போத்தல்களையும் பணியவைத்தார்கள். சரோஜினிதேவி அவரிடம் கேட்காத கேள்வி இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். போத்தல்களை அதன் பிறகு குளிரிலேயே வைத்தார்கள். சாமிகள் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள்.

சித்திரை மாதத்தில் கல்யாணம் நடந்தது. காலையில் மணவறையில் தாலி, மாலையில் அதே மண்டபத்தில் விருந்து. வாசலில் வெள்ளை விரித்த மேசை. அதில் பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டு. பின்னால் ஆனந்தராஜாவின் தாய் தகப்பன் படம், பக்கத்தில் கிர்ஸ்டன். முழங்கால் வரைக்கும் சப்பாத்தும் நீலக் கம்பளிச் சட்டையுமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

முதல் போத்தலைப் பென்ட் திறந்தார். மூடி சின்னதாகச் சத்தம் போட்டுக் கழன்றது. கிளாசில் நுரை விளிம்பு வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றது. ஆனந்தராஜா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். பென்ட் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அவளுடையது மாதிரி இருக்கிறதா?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

பென்ட் இல்லை என்று தலையாட்டினார். "இது இனிக்கிறது. அவளுடையது இனிக்காது." இன்னொரு மிடறு குடித்தார். "அவள் என்றால் நீ கரண்டியை எடுத்த உடனேயே கேட்டிருப்பாள், என்ன செய்கிறாய் என்று." சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

சரோஜினிதேவி பக்கத்தில்தான் நின்றா. பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கிளாசை எடுத்து, அந்தப் போத்தலில் இருந்து ஊற்றினா. வாழ்நாளில் பியர் ஊற்றியிராத கை. கிளாஸ் முழுக்க நுரைதான் வந்தது. அது அடங்கும்வரைக்கும் பொறுமையாக நின்று, மிச்சத்தையும் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் மேசைக்குப் போனா. குங்குமச் சிமிழைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கிர்ஸ்டனின் படத்துக்கு முன்னால் கிளாசை வைத்தா. அதற்குப் பக்கத்தில் ஒரு கற்கண்டும் வைத்தா.

ஆனந்தராஜாவின் தங்கை செல்வமலர் ஓடிவந்தா. "என்ன மச்சாள், குங்குமத்துக்குப் பக்கத்திலை பியரோ?"

"ஓம்" என்றா சரோஜினிதேவி. அவ்வளவுதான்.

பென்ட் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆனந்தராஜாவின் பக்கம் குனிந்து, மெதுவாக, "இது சடங்கா?" என்று கேட்டார்.

ஆனந்தராஜா மனைவியின் பக்கம் திரும்பினார். "சரோ, இது சடங்கோ எண்டு பென்ட் கேக்கிறார்."

"சடங்குமில்லை, ஒண்டுமில்லை. அவ பிள்ளையின்ரை அம்மா எண்டு சொல்லுங்கோ."

ஆனந்தராஜா அதை அப்படியே சொன்னார்.